மாமாவின் டைப்ரைட்டரும் என் மடிக்கணினியும்

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. புக்கிட் ரோத்தானில் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசை. இரவு மணி பத்தரை. என் மடிக்கணினித் திரையில் ஒரே ஒரு வரி: அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.

கோப்பு அங்கேயேதான் இருந்தது. என் கண்ணுக்கு நேராக. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பெஸ்தாரி ஜெயாவில், எங்கள் பழைய தோட்டத்து மக்களின் ஒன்றுகூடல். நான் கையில் கொண்டு போக வேண்டியவை 143 குரல்கள்.

முதலில் அந்தக் குரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கோல சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரைக்கும் காரில் போனால் இன்று இரண்டு பக்கமும் செம்பனைதான். பெஸ்தாரி ஜெயா என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்காது. 2007-இல் பெயர் மாறும் வரை அது பத்தாங் பெர்ஜுந்தை. அங்கேதான் இருக்கிறது தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டது அங்கேதான். பிறகு சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. எங்கள் சனங்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், காப்பார், கிள்ளான், ஷா ஆலம் என்று பிரிந்து போனார்கள். எங்கள் தோட்டத்து லயங்களில் இப்போது ஆள் இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது.

நான் வானொலி அறிவிப்பாளர். பல்கலைக்கழகத்தில் படித்தது ஊடகத்துறை. மற்றவர்களின் குரலை ஊருக்குக் கேட்கச் செய்யும் நான், என் சொந்தத் தோட்டத்துக் குரல்களைப் பதிவு செய்யவில்லையே என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உறைத்தது. அன்றிலிருந்து ஓய்வு நாள்களில் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பால் மரம் வெட்டியவர்கள், பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கங்காணி, ஆயாக் கொட்டகையில் எங்களையெல்லாம் வளர்த்தவர் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். சிலர் பாடினார்கள். சிலர் அழுதார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் 143 பதிவுகள்.

அவற்றில் ஒன்று கடைசி லயத்துத் தாத்தாவுடையது. 22 நிமிடம். பேசி முடித்த நான்காம் மாதம் அவர் போய்விட்டார். ஒன்றுகூடல் என்று தெரிந்ததும் பாட்டி மூன்று முறை எனக்கு ஃபோன் செய்தார். மூன்று முறையும் ஒரே கேள்வி: “அவரு குரலு வருமாம்மா?”

“கண்டிப்பா வரும் பாட்டி.”

அப்படிச் சொல்லிவிட்டு வந்துதான் மாமா வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

பதிவுகள் எல்லாம் பெரிய கோப்புகள். அவற்றைக் கைப்பேசியில் கேட்கும் அளவுக்குச் சுருக்கி, ஒலி அளவைச் சமன் செய்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்து, பென்டிரைவில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் ஒரு வாரம் ஆகும். என்னோடு படித்து, இப்போது சைபர்ஜெயாவில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர், “இதுக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும்” என்றார்.

ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலைப் பட்டியல். பட்டியலைத் திற, முதல் பெயரை எடு, அந்தக் கோப்பைச் சுருக்கு, அடுத்த பெயருக்குப் போ, இப்படி வரிக்கு ஒரு வேலை. யூனிக்ஸ், லினக்ஸ் குடும்பத்துக் கணினிகளின் பழக்கம் இது. விண்டோஸ் கணினியிலும் செய்யலாம். விண்டோசுக்கு உள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொண்டு வந்துவிட்டது. நண்பர் அதை என் மடிக்கணினியில் முன்பே போட்டுத் தந்திருந்தார்.

ஸ்கிரிப்டை அவர் கைப்பேசிச் செய்தியாக அனுப்பினார். நான் அந்த எழுத்துகளை அப்படியே எடுத்து, நோட்பேடில் ஒட்டி, சேமித்தேன். 143 பெயர்ப் பட்டியலையும் நோட்பேடில்தான் தட்டி வைத்திருந்தேன். நான் செய்த தவறு அவ்வளவுதான். ஆனால் அது தவறு என்றே எனக்குத் தெரியாது.

ஓட்டினேன். கோப்பு இல்லை என்றது. எழுத்துப் பிழையா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. வேறு வழியில் வலுக்கட்டாயமாக ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை ஒரு புதிய அடைவு உருவானது. அதன் பெயருக்குப் பின்னால் என்னவென்று சொல்ல முடியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வரிகளில் இலக்கணப் பிழை என்று சொல்லி நின்றுவிட்டது.

நண்பருக்கு ஃபோன் செய்யலாம். ஆனால் அன்று மாலைதான் அவர் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். தாத்தா குரல் முக்கியம்தான். அதற்காகப் பிறக்கப்போகும் பிள்ளையின் அப்பாவைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

மாமா தே ஓ கலக்கிக் கொண்டு வந்து வைத்தார். தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக இருந்தவர். திரையைக் கண்ணாடிக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

“இது என்ன பாப்பா, கடைசியில ஒரு எம்?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். முதல் முறை வந்த பிழைச் செய்தியில், கட்டளையின் பெயருக்குப் பின்னால் கூரை போல ஒரு குறி. அதை ஒட்டி ஆங்கில ‘எம்’. ஸ்கிரிப்டில் அப்படி எதையும் நான் எழுதவில்லை. கைப்பேசியில் தேடினேன். அந்தக் குறிக்குப் பெயர் ‘கேரியேஜ் ரிட்டர்ன்’ என்று வந்தது. வாய்விட்டுப் படித்தேன்.

மாமா சிரித்துவிட்டார். “கேரியேஜ் ரிட்டர்னா? அது என் வேலையாச்சே!”

உள்ளே போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, அத்தையின் பழைய சேலைத் துண்டு போர்த்திய டைப்ரைட்டரைத் தூக்கி வந்தார். ஆபீசுக்குக் கணினி வந்தபோது கழித்துக் கட்டியதை விலைக்கு வாங்கியது. என் மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு தாளைச் செருகி, ஒரு வரி தட்டினார். மணி அடித்தது. இடது பக்கத்துப் பிடியைத் தள்ளினார். கேரியேஜ் சர்ரென்று வலப்பக்கம் ஓடி நின்றது.

“இப்போ எத்தன வேல நடந்துச்சு, சொல்லு.”

“ஒண்ணுதான் மாமா. அடுத்த வரிக்கு வந்துட்டீங்க.”

“ரெண்டு,” என்றார். பக்கத்துக் குமிழைத் திருகிக் காட்டினார். தாள் மேலே ஏறியது, கேரியேஜ் அசையவில்லை. பிறகு கேரியேஜை விடுவிக்கும் சிறு பிடியை அழுத்திக் கையால் தள்ளினார். கேரியேஜ் வரியின் தொடக்கத்துக்கு வந்தது, தாள் ஏறவில்லை. அதே வரியின் மேல் அடிக்கோடு தட்டினார். “துரைக்கு லெட்டர் அடிக்கும்போது தலைப்புக்குக் கோடு இப்படித்தான் போடுவோம். தொடக்கத்துக்குத் திரும்புறது ஒண்ணு. அடுத்த வரிக்கு இறங்குறது ஒண்ணு. ரெண்டையும் சேத்துத்தான் அந்தப் பிடி செய்யுது.”

கைப்பேசியில் நான் படித்துக்கொண்டிருந்த விளக்கத்தை மாமா இரண்டு நிமிடத்தில் செய்து காட்டிவிட்டார்.

அந்த இரண்டு வேலைகளும்தான் கணினிக்குள் இரண்டு எழுத்துகளாக இன்றும் வாழ்கின்றன. ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் வரித் தொடக்கத்துக்குத் திரும்புவதற்கு 13 என்ற எண். அடுத்த வரிக்கு இறங்குவதற்கு 10 என்ற எண். ஆங்கில அரிச்சுவடியில் 13-ஆவது எழுத்து எம். பிழைச் செய்தியில் கூரைக்குப் பக்கத்தில் எம் வந்து நின்ற காரணம் அதுதான்.

1963-இல் வந்த டெலிடைப் 33 என்ற தொலை அச்சுப் பொறி நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். ஆனால் அச்சுமுனை வரியின் கோடியிலிருந்து தொடக்கத்துக்குத் திரும்ப, ஓர் எழுத்து அடிக்கும் நேரம் போதாது. அதனால் முதலில் ‘திரும்பு’ என்றும், அடுத்து ‘இறங்கு’ என்றும் இரண்டு குறிகளை அனுப்பினார்கள். இறங்கி முடிப்பதற்குள் திரும்பியும் முடித்துவிடும். பின்னால் இத்தகைய பொறிகளையே கணினிக்குத் திரையும் விசைப்பலகையுமாகப் பயன்படுத்தினார்கள்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைத் தொடங்கியவர்கள், தங்களுக்கு முந்திய மல்ட்டிக்ஸ் அமைப்பின் வழியில், கோப்புக்குள் ஒரே குறி போதும் என்று முடிவு செய்தார்கள். ‘இறங்கு’ என்பது மட்டும். திரும்புவதை அச்சுப் பொறிக்கு அனுப்பும்போது சேர்த்துக் கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. சிபிஎம் என்ற இன்னோர் அமைப்பு இரண்டு குறிகளையும் வைத்துக் கொண்டது. 1981-இல் வந்த எம்.எஸ்.-டாஸ் அதைப் பின்பற்றியது. அதன் வழியில் விண்டோஸும். ஆப்பிளின் பழைய மெக்கின்டாஷோ ‘திரும்பு’ என்பதை மட்டும் வைத்திருந்து, 2001-இல் புதிய இயங்குதளம் வந்த பிறகுதான் யூனிக்ஸ் பக்கம் வந்தது.

ஆக, நான் நோட்பேடில் ஒட்டிச் சேமித்தபோது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘திரும்பு, இறங்கு’ என்று இரண்டு குறிகள் விழுந்தன. லினக்ஸ் ‘இறங்கு’ என்பதை வரி முடிவாக எடுத்துக் கொண்டது. மீதி இருந்த ‘திரும்பு’ என்பதைக் கட்டளையின் கடைசி எழுத்தாக எண்ணிவிட்டது. அந்த எழுத்து ஒட்டிய பெயரில் ஒரு கோப்பு இல்லைதானே? அது சொன்னது உண்மை. அடைவின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த குறியும் அதுவே.

யார் மேல் குற்றம் சொல்வது? யார் மேலும் இல்லை. மின்னஞ்சல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இன்றும் வரி முடிவில் இரண்டு குறிகளோடுதான் போகிறது. ஒரு வீட்டில் செருப்பை வாசலுக்கு வெளியே விடுவார்கள், இன்னொரு வீட்டில் உள்ளே தட்டில் வைப்பார்கள். போகிற வீட்டுப் பழக்கம் தெரியாவிட்டால் நாம்தான் தடுமாறுவோம்.

நோயின் பெயர் தெரிந்துவிட்டால் மருந்து எளிது. நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் வி.எஸ். கோட் என்ற எழுதுகருவியில் கோப்பைத் திறந்தால், வலப்பக்கம் கீழே சின்னதாக ‘சி.ஆர்.எல்.எஃப்.’ என்று இருக்கும். அதைச் சொடுக்கி ‘எல்.எஃப்.’ என்று மாற்றிச் சேமித்தால் போதும். ஸ்கிரிப்டை அப்படி மாற்றினேன். மறுபடி ஓட்டப் போனேன்.

“இரு,” என்றார் மாமா. “ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு எனக்குச் சொல்லு.”

சொன்னேன். கடைசி வரிக்கு வந்தேன். “இது நினைவட்டையில இருக்கிற பழைய பதிவை எல்லாம் அழிக்கும் மாமா. நாளைக்குப் புதுசா பதிவு செய்ய இடம் வேணும்னு நான்தான் கேட்டேன்.”

“வேற பிரதி வெச்சிருக்கியா?”

இல்லை. பத்து வருடமாக வானொலியில் இருப்பவள் வெளியே சொல்லக் கூடாத பதில் அது.

மாமா குரலை உயர்த்தவில்லை. “செக்ரோல்ல ஆள் கணக்கு ரெண்டு தடவ சரிபாக்காம ஒரு பேரைக்கூட நான் அடிச்சதில்ல. அந்த வரிய எடு.”

எடுத்தேன். ஓட்டினேன். இந்த முறை இலக்கணப் பிழை வரவில்லை. மாறாகத் திரை முழுக்க ஒரே மாதிரி வரிகள் ஓடின. முக்காற்புள்ளி, பிறகு ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’. மீண்டும் முக்காற்புள்ளி, அதே வாக்கியம். எந்தக் கோப்பு என்று பெயரே இல்லை. எண்ணிப் பார்த்தால் 143 ஆகத்தான் இருக்கும்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஸ்கிரிப்டைத் திருத்திய நான், பெயர்ப் பட்டியலைத் திருத்தவில்லை. அதுவும் நோட்பேடில் தட்டியது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ‘திரும்பு’ ஒட்டியிருந்தது. கணினி பெயரைத் திரையில் எழுதியது. பெயரின் கடைசி எழுத்தான ‘திரும்பு’ வந்ததும் வரியின் தொடக்கத்துக்குப் போனது. இல்லை என்ற செய்தியைப் பெயரின் மேலேயே எழுதிவிட்டது. மாமா தலைப்பின் மேல் அடிக்கோடு போட்டாரே, அதே வித்தை. பெயர்கள் வந்தன. வந்த நொடியிலேயே மறைந்தன.

பிறகுதான் அடிவயிறு கலங்கியது. ஒரு கோப்புகூட மாற்றப்படவில்லை. ஆனாலும் ஸ்கிரிப்ட் நிற்காமல் கடைசி வரை ஓடி முடித்திருந்தது. மாமா எடுக்கச் சொன்ன அந்த வரி அங்கே இருந்திருந்தால், 143 குரல்களும் இருந்த ஒரே இடத்திலிருந்து அழிந்திருக்கும். முதல் தடவை பிழை காட்டி நின்றதற்காக அந்த ஸ்கிரிப்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் நின்றது நல்லது. நிற்காமல் ஓடியதுதான் ஆபத்து.

மாமாவிடம் சொன்னேன். அவர் தே ஓவைக் குடித்து முடித்து, “சரி, பட்டியலையும் மாத்து,” என்றார்.

மாற்றினேன். அதற்கும் முன்னால் நினைவட்டையை அப்படியே மடிக்கணினியில் ஒரு பிரதி எடுத்தேன். மூன்றாவது முறை ஓட்டியபோது முதல் பெயர் திரையில் வந்தது, மறையாமல் நின்றது. அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பெரட்டுக் களத்தில் பெயர் வாசிப்பது போல ஒவ்வொன்றையும் வாசித்தார். சில பெயர்களுக்குக் கொஞ்சம் நிறுத்தினார். அவர்கள் இப்போது இல்லாதவர்கள். முடிந்தபோது மணி ஒன்றே முக்கால்.

இதைப் படிக்கும் இளையவர்களில் பலர் விண்டோஸ் மடிக்கணினியில் படிப்பவர்கள், வேலை செய்பவர்கள். யாராவது அனுப்பிய ஸ்கிரிப்ட் காரணமே இல்லாமல் ஓடாவிட்டால், எழுத்துப் பிழையைத் தேடி இரவைக் கழிக்காதீர்கள். முதலில் வரி முடிவைப் பாருங்கள். லினக்ஸில் ‘ஃபைல்’ என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதில் இரட்டைக் குறி இருக்கிறதா என்று அதுவே சொல்லிவிடும். மாற்றுவதற்கு ‘டாஸ்டூயூனிக்ஸ்’ என்று ஒரு சின்ன நிரலே இருக்கிறது. குழுவாக ‘கிட்’ பயன்படுத்துபவர்கள், ஷெல் ஸ்கிரிப்டுகள் எப்போதும் ஒற்றைக் குறியோடுதான் இருக்க வேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதி வைத்துவிடலாம். ஸ்கிரிப்டோடு அது படிக்கும் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள். அழிக்கிற வரி இருந்தால், கணக்கு இரண்டு தடவை சரிபார்க்கும் வரை அதை எடுத்து வையுங்கள். கடைசி அறிவுரை மாமாவுடையது.

இதில் நம்மவர்க்கு ஒரு சொந்தமும் உண்டு. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றப்படும் ஆர். முத்தையா, 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, இந்த மலேயாவுக்கு வந்து வேலை பார்த்தவர். எழுத்து அதிகமுள்ள நம் மொழியை அந்தச் சின்ன விசைப்பலகைக்குள் அடக்கியதற்குக் கேரியேஜின் நகர்வும் ஒரு காரணம். தமிழ்த் தட்டச்சில் நகராத விசைகள் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியை முதலில் தட்டினால் கேரியேஜ் நகராது. அதே இடத்தில் எழுத்தைத் தட்டினால்தான் நகரும். அச்சிடுவது வேறு, நகர்வது வேறு என்று அந்தத் தலைமுறைக்குக் கை சொல்லித் தந்திருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு ஒரே விசை, ஒரே தட்டு. உள்ளே இரண்டு வேலை இருப்பது தெரியாமலே வளர்ந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நல்ல கூட்டம். பாட்டி முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். பேரன் கைப்பேசியில் பென்டிரைவைச் செருகி, காதணியை அவர் காதில் வைத்தான். பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைக் கையைக் காட்டி அழைத்தார். ஏதோ கோளாறோ என்று ஓடினேன்.

“இருமலு கூட இருக்கும்மா,” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நண்பருக்குப் பெண் குழந்தை. அன்று மாலை வாழ்த்துச் சொல்லிவிட்டு, இந்தக் கதையையும் சொன்னேன். “ஐயோ, செய்தியா அனுப்பாம கோப்பா அனுப்பியிருக்கணும்,” என்றார். இரண்டு பேருக்கும் பாடம்.

மாமா அன்று ஒரு வேலை செய்திருந்தார். நான் தூங்கிய பிறகு, பென்டிரைவ் யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அந்த டைப்ரைட்டரில் ஒரு பட்டியல் அடித்திருந்தார். வரிக்கு ஒரு பெயர், எதிரே கையெழுத்துக்கு இடம், தலைப்புக்கு அடிக்கோடு. மண்டபத்து வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு மை டப்பியும் வைத்திருந்தார்.

மூன்று பெயர்களுக்கு எதிரே மட்டும் இன்னும் கையெழுத்து இல்லை. ஒருவர் சபாக் பெர்ணம், ஒருவர் ஜொகூர், ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. அந்த மூன்று பென்டிரைவும் பட்டியலோடு சேர்ந்து என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அடுத்த விடுமுறைக்கு முதலில் சபாக் பெர்ணம் போகிறேன். மாமாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.